அடுப்புக்கு மேலே சைக்கிள்

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த ஆளை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் தோட்டத்துத் தப்பால்கார மாமா. ஆபீசிலிருந்து தபால் கந்தோருக்குப் பை கொண்டுபோவார். போக நாலு மைல், வர நாலு மைல். கல் ரோட்டில் வெறுங்காலோடு நடப்பார். கந்தோர் வாசலில் காலைத் துடைத்துவிட்டுச் செருப்பைப் போடுவார். உள்ளே பத்தடி நடப்பார். வெளியே வந்ததும் கழற்றிவிடுவார்.

"ஏன் மாமா இப்படி?" என்று கேட்டால், "காலு தேஞ்சா வளரும். செருப்பு வளருமாடா?" என்பார்.

அவரோடு இதுதான் தொல்லை. செய்வது கிறுக்குத்தனம். கேட்டால் நியாயம் வைத்திருப்பார்.

தோட்டத்தை நடத்துகிற தொரை அவருக்கு ஒரு குடை கொடுத்திருந்தார். மழை வந்தால் அதைச் சொப்பிங் பேக்கில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடி வருவார். மாத்தளையில் வாங்கிய புதுப் பூட்டு வீட்டுக்குள் பெட்டியில் இருந்தது. கதவைக் கயிற்றால் கட்டுவார். பூட்டை வெளியே தொங்கவிட்டால் பூட்டையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம்.

அத்தை சொல்லும்: "என்னையும் பொட்டிக்குள்ளதான் வெச்சிருப்பாரு. மூடி சாத்த முடியல, அதான் வெளிய விட்டுட்டாரு."

அவரைக் கேலி செய்யாதவர்கள் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் இல்லை. ஆனால் பிறந்த பத்திரம், கல்யாண எழுத்து, பிரஜாவுரிமைக் கடதாசி என்று எல்லாவற்றையும் அவரிடம்தான் கொடுத்து வைத்தோம். அதற்குக் காரணம் உண்டு. ஒரு கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். காட்டுக்குள் ஒளிந்திருந்துவிட்டு விடிந்து வந்து பார்த்தால் எல்லார் கடதாசியும் சாம்பல். கடதாசி இல்லாதவன் எந்த நாட்டுக்காரன் என்று அப்புறம் வருடக்கணக்கில் கேட்டார்கள். மாமாவின் கடதாசி மட்டும் தப்பியது. பிஸ்கட் டின்னில் போட்டுக் கோழிக்கூட்டுக்குக் கீழே புதைத்திருந்தார். தோண்டி எடுத்து எங்கள் முன்னால் திறந்து காட்டினார். சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த டின் முழு லயத்துக்கும் டின் ஆகிவிட்டது.

சைக்கிள் வந்தது அதற்குப் பல வருடம் கழித்து. வடக்கே சண்டை நடந்துகொண்டிருந்த காலம். தொரை பங்களாவுக்கு ஒரு வெள்ளைக்காரர் விருந்துக்கு வந்தார். மலையில் ஓட்டுவதற்கென்றே ஒரு சைக்கிள் கொண்டுவந்திருந்தார். தடித்த டயர், கியர், சிவப்புப் பெயின்ட். எங்கள் மலையில் நடக்கவே மூச்சு வாங்கும். இவர் பத்து நாள் அதில் ஏறி இறங்கினார். வழி காட்டத் தப்பால்கார மாமாவை அனுப்பினார்கள். வெள்ளைக்காரர் சைக்கிளில், மாமா பின்னால் ஓட்டத்தில். ஏற்றம் வந்தால் சைக்கிள் மாமாவின் தோளில், வெள்ளைக்காரர் பின்னால் நடையில்.

போகும்போது சைக்கிளை மாமாவுக்கே கொடுத்துவிட்டார். தினமும் எட்டு மைல் நடக்கிறவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூடவே ஒரு கடதாசியும் எழுதிக் கொடுத்தார். கிளாக்கர் ஐயா அதைத் தமிழில் எழுதித் தந்தார். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவில் சைக்கிளை எப்படி வைக்க வேண்டும் என்பதுதான் அதில் இருந்தது. ஓடி வந்ததும் சேற்றைக் கழுவு. ஈரம் போகத் துடை. செயினுக்கு எண்ணெய் போடு. தரையில் வைக்காதே, தொங்கவிடு. வெயில் படக் கூடாது. ஈரம் ஆகவே ஆகாது.

அந்தக் கடதாசி வந்ததோடு சைக்கிளின் கதை முடிந்தது.

மாமா கழுவினார், துடைத்தார், செயினில் தேங்காயெண்ணெய் தடவினார். வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தைத் தேடினார். எங்கள் தோட்டத்தில் ஆறு மாதம் மழை, மிச்ச நாளில் பனி. லயத்துச் சுவர் வேர்க்கும். பெட்டிக்குள் வைத்த சேலையில் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்த இடம் வீட்டுக்கு ஒன்றுதான் உண்டு. அது அடுப்புக்கு மேலே. உப்பு, நெருப்புப் பெட்டி, கருவாடு, விதைச் சோளம் எல்லாம் அங்கேதான் தொங்கும். மாமா சைக்கிளையும் அங்கே தொங்கவிட்டார். சாக்கு சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் சுற்றி, பதினெட்டு இடத்தில் கயிறு கட்டினார். பக்கத்தில் பிஸ்கட் டின்.

கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டுச் சொன்னார்: "யோவ், டயரு ரப்பருய்யா. சூட்டுல போயிரும்."

மாமா அவரை இரக்கத்தோடு பார்த்தார். "கீழ் டிவிசன்ல ரப்பர் சீட்ட எங்கங்கய்யா காயப் போடுறாங்க?"

"பொக வீட்டுல."

"எத்தன நாளைக்கி?"

"நாலஞ்சு நாளு."

"பொகை படப் படத்தானே ரப்பர் கெட்டியாகுது? அஞ்சு நாள் பொகையில நின்னதே அவ்வளவு நல்லா இருக்குன்னா, வருசம் பூரா நின்னா எப்படி இருக்கும்?"

கணக்கப்பிள்ளை இன்னொரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். கீழ் டிவிசனில் ரப்பர் வெட்டுகிறவர்களே ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

சைக்கிளைப் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அடுப்பு எரியும்போது அண்ணாந்து பார்க்க வேண்டும். பார்த்த எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். துக்க வீடு மாதிரி இருக்கும்.

மாமா நடந்தே தப்பால் கொண்டுபோனார். செருப்பு கையில், குடை கக்கத்தில், சைக்கிள் அடுப்புக்கு மேலே. நான் ஒருநாள் கேட்டேன்.

"ஓட்டத்தானே மாமா சைக்கிள்?"

"ஓட்டத்துக்கு நடுவுலதான்டா இருக்கு. கடதாசியில எழுதியிருக்குல்ல?"

"மொத ஓட்டம் எப்ப?"

"அதான் வெள்ளக்காரரு ஓட்டிட்டாரே."

நாலு வருடம் நடுவிலேயே இருந்தது. மாமாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்பது யாருக்கும் தெரியாது. கேட்டால், "எறக்குனா தெரிஞ்சிரும்" என்பார். இறக்கவில்லை.

என் தம்பி அப்போது தம்புள்ளையில் மரக்கறி மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போனான். அவனுக்கு அடையாள அட்டை எடுக்க இரண்டு வருடம் அலைந்தோம். கிடைத்த அன்று மாமா அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இதப் போயி தம்புள்ளைக்கிக் கொண்டுபோறியா? மூட்ட தூக்குற ஒடம்பு. வேர்வையில நனஞ்சு ஒம் மூஞ்சி அழிஞ்சிரும். போட்டோ கொப்பி எடுத்துக்கிட்டுப் போ. இது இங்க இருக்கட்டும்."

தம்பி என்னைப் பார்த்தான். டின்னில் வைத்தது எதுவும் தொலைந்தது கிடையாது. நான் சரி என்று தலையாட்டினேன். அதை நான் மறைக்கப்போவதில்லை.

ஒரு போயா நாள், பௌர்ணமி லீவு. தப்பால் கிடையாது, ஆபீஸ் பூட்டு. தொரை கண்டிக்குப் போயிருந்தார், ஜீப்பும் போயிற்று. தூறல் விழுந்துகொண்டிருந்தது. பத்தரை மணி இருக்கும். தம்பியோடு தம்புள்ளையில் வேலை செய்கிற கூட்டாளி குறுக்குப் பாதையில் ஏறி வந்து என் வீட்டு வாசலில் விழுந்தான்.

"அண்ணே, மெயின் ரோட்டு செக்பொயின்ட்ல தம்பிய எறக்கிட்டாங்க. போட்டோ கொப்பி செல்லாதாம். ஒரு மணிக்கி ட்ரக்கு வருதாம். அதுக்குள்ள ஒரிஜினல் வந்தா விடுவாங்க. இல்லேன்னா ஏத்திருவாங்க."

"எங்க?"

"சொல்லல அண்ணே."

அந்தக் காலத்தில் ட்ரக்கில் ஏறினவன் எங்கே போனான் என்று தேடவே ஒரு வருடம் பிடிக்கும். கிடைக்காமலும் போனார்கள்.

நான் மாமா வீட்டுக்கு ஓடினேன். நான் சொல்லி முடிக்கும் முன்னே அவர் எழுந்தார். அடுப்புத் திட்டில் ஏறி டின்னை இறக்கினார். மேலாக இருந்தது அவருடைய அடையாள அட்டை. அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுத் தம்பியின் அட்டையைத் தேடி என் கையில் கொடுத்தார்.

"பஸ்ஸு நாலு மணிக்கித்தான்" என்றது அத்தை.

செக்பொயின்ட் ரோட்டு வழியாக ஒன்பது மைல். குறுக்குப் பாதையில் ஐந்து. ஆனால் அது கல்லும் ஓடையும் அட்டைப்பூச்சியுமாக இருக்கும். நான் மேலே பார்த்தேன்.

"மாமா, சைக்கிள் குடுங்க. எறக்கந்தானே. அரை மணித்தியாலத்துல போயிருவேன்."

நடந்தே கிளம்பியிருக்கலாம். பன்னிரண்டு மணிக்குப் போயிருப்பேன். சைக்கிள் என்று சொன்னது என் வாய்தான்.

மாமா கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் நல்லது. முதல் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

"வெட்டுங்க மாமா."

"கயிறு நல்ல கயிறுடா."

இரண்டாவது முடிச்சு. மூன்றாவது. புகையில் இறுகிப்போன முடிச்சு. நகத்தால் கிளறினார், பல்லால் இழுத்தார். அவிழ்த்த கயிற்றை முழங்கையில் சுற்றினார். ஆறாவது முடிச்சில் அத்தை கொடுவாக்கத்தியை எடுத்தது.

"தள்ளுங்க. இல்லாட்டி ஒங்களையும் சேத்து வெட்டிருவேன்."

சைக்கிள் பொத்தென்று இறங்கியது. சாக்கை உருவினோம். சிவப்பு அப்படியே பளபளத்தது. மாமா பெருமையோடு என்னைப் பார்த்தார். தம்பி செக்பொயின்டில் நிற்கிறான், இவர் பெயின்டைத் தடவுகிறார். காற்றடித்தோம். நின்றது. "பாத்தியா?" என்றார்.

அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். பதினொன்றேகால். செயின் தேங்காயெண்ணெயும் புகையும் சேர்ந்து பிசினாகியிருந்தது. மிதித்தால் கறுக் கறுக் என்றது. ஆனால் இறக்கம். தன்னால் ஓடியது. எனக்குப் பின்னால் மாமா ஓடி வருகிற சத்தம் கேட்டது. எனக்காக வருகிறார் என்று நினைக்கவில்லை.

ரோடு திரும்புகிற இரண்டாவது முடக்கில் பிரேக்கைப் பிடித்தேன். பிரேக் கட்டை கருங்கல்லாக இறுகியிருந்தது. சில்லு நிற்கவில்லை. முன் டயர் ஒரு கல்லில் ஏறியது. அவித்த கிழங்கின் தோல் மாதிரி உரிந்து வந்தது. அப்புறம் நான் தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடுகிற கானுக்குள் கிடந்தேன். மேலே சைக்கிள் கிடந்தது. முழங்கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

மாமா வந்து சேர்ந்தார். முதலில் சைக்கிளைத்தான் பார்த்தார். டயரைத் தொட்டார். துண்டு துண்டாகக் கையோடு வந்தது. ஒரு துண்டை மூக்கில் வைத்து மோந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எந்திரிக்க ஏலுமா?"

"ஏலாது மாமா."

"அட்டையக் குடு."

தலைத் துண்டை உருவி அட்டையை அதில் சுற்றினார். சொப்பிங் பேக்கில் போட்டார். அந்த அவசரத்திலும் இரண்டு முடிச்சுப் போட்டார். சைக்கிளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கானைத் தாண்டித் தேயிலைக்குள் இறங்கிக் குறுக்குப் பாதையில் ஓடினார். செருப்பு இல்லை, குடை இல்லை. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

லயத்து ஆட்கள் என்னைத் தூக்கிப்போய் முழங்காலை இழுத்துக் கட்டினார்கள். மிச்சத்தைத் தம்பி சொன்னான். சாயந்திரம் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினான்.

"ட்ரக்கு ஸ்டாட்ல நிக்குது அண்ணே. எங்கள வரிசையா ஏத்துறாங்க. எனக்கு முன்னுக்கு ரெண்டு பேரு. அப்பதான் மாமா வர்றாரு. மேலெல்லாம் சேறு, கால்ல ரத்தம், அட்டைப்பூச்சி தொங்குது. ஐடென்டி கொண்டாந்திருக்கேன்னு சிங்களத்துல கத்துறாரு. பொலிஸ் ராலாமி கையை நீட்டுறாரு. மாமா நின்னுக்கிட்டு முடிச்சு அவுக்குறாரு."

"அவுக்குறாரா?"

"அவுக்குறாரு அண்ணே. ராலாமி புடுங்கப் பாக்குறாரு. மாமா குடுக்கல. 'பொறுங்க மாத்தயா, கிழிஞ்சிரும்'ங்கிறாரு. ட்ரக்கு ஹோன் அடிக்குது. என் உசுரு அந்த முடிச்சுல இருக்கு."

அட்டை நனையவில்லை. ஒரு சொட்டு ஈரம் இல்லை. பொலிஸ்காரர் மூக்கருகே கொண்டுபோய், "இது கருவாட்டுக்குள்ளயா இருந்துச்சு?" என்று கேட்டாராம். முகத்தையும் படத்தையும் பார்த்துவிட்டுத் தம்பியை வரிசையை விட்டு வெளியே வரச் சொல்லிவிட்டார். என் சட்டைப் பையில் இருந்த மற்றக் கடதாசி எல்லாம் கூழாகியிருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"மாமா எங்க?" என்று அத்தை கேட்டது.

தம்பி தலையைக் குனிந்தான். "உள்ள வெச்சிருக்காங்க அத்தை."

"அவர ஏன்?"

"'ஒன்னோட ஐடென்டி எங்க'ன்னு கேட்டாங்க. 'வீட்டுல பத்திரமா இருக்கு மாத்தயா'ன்னாரு."

அத்தை சிரித்தது. அப்புறம் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதது. ட்ரக் அதற்குள் போயிருந்தது. அடுத்த ட்ரக் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் அத்தையும் தம்பியும் நானும் போனோம். நான் கம்பை ஊன்றிக்கொண்டு போனேன். டின்னிலிருந்து எடுத்த மாமாவின் அட்டை அத்தையின் கையில் இருந்தது. எடுத்த நாளிலிருந்து வெளிச்சம் பார்க்காத அட்டை. ஒரு கீறல் இல்லை. படத்தில் கறுத்த மீசையோடு ஒரு வாலிபன் விறைத்துக்கொண்டு நின்றான். அங்கிருந்த பொலிஸ் பெரியவர் அதை வாங்கிப் பார்த்தார். உள்ளே பெஞ்சில் இருந்த மாமாவைப் பார்த்தார். நரைத்த தாடி, குழி விழுந்த கன்னம், இரண்டு பல் இல்லை.

"இது யாரு? மகனா?"

"அவர்தான் மாத்தயா" என்றது அத்தை.

"இவ்வளவு பழைய அட்டை எப்படி இவ்வளவு புதுசா இருக்கும்?"

அதற்கு நாங்கள் என்ன சொல்வது? பாவிக்கவில்லை என்றால் ஏன் பாவிக்கவில்லை என்பார்கள். கள்ள அட்டை என்று முடிவுகட்டி இன்னும் ஒரு இரவு வைத்துக்கொண்டார்கள். தேய்ந்த அட்டையாக இருந்திருந்தால் அன்றைக்கே விட்டிருப்பார்கள். மூன்றாம் நாள் தொரை வந்து பேசிக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஜீப் இரண்டாவது முடக்குக்கு வந்ததும் மாமா நிறுத்தச் சொன்னார். கானுக்குள் இறங்கினார். மூன்று நாள் மழையில் கிடந்த சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தார். சில்லு மிதிபட்ட தகரத் தட்டு மாதிரி நெளிந்திருந்தது.

கழுவினார். துடைத்தார். செயினில் தேங்காயெண்ணெய் தடவினார். சாக்கு சுற்றினார்.

"டயரே இல்லியே மாமா?" என்றேன்.

"அதனால என்ன? ஒரு ஓட்டம் முடிஞ்சிருச்சுல்ல" என்றார். அடுப்புக்கு மேலேயே தொங்கவிட்டார்.

அப்புறம் தம்பியின் பக்கம் கையை நீட்டினார். அந்தக் கை மணிக்கட்டில் வீங்கியிருந்தது. போகும்போது அந்த வீக்கம் இல்லை.

"குடு. வெக்கிறேன்."

தம்பி கொடுத்தான். அவனுக்காக இரண்டு இரவு உள்ளே இருந்தவரிடம் கொடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்? மாமா அட்டையைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, டின்னில் வைத்தார்.

தம்பி தம்புள்ளைக்குக் கிளம்பின அன்று காலையில் அத்தை பின்கதவு வழியாக வந்தது. அட்டையை அவன் சட்டைப் பையில் திணித்தது.

"அவருக்குத் தெரியாது. அதே மாதிரி ஒரு பொட்டலம் கட்டி உள்ளுக்கு வெச்சிட்டேன். தீப்பெட்டி அட்டைய வெட்டிப் போட்டேன்."

அடுத்த மாதத்துக்குள் லயத்தில் எல்லோருடைய அடையாள அட்டையும் இப்படி வெளியே வந்துவிட்டது. டின்னுக்குள் வரிசையாகத் தீப்பெட்டி அட்டைகள். மாமாவின் அட்டையை அத்தை அவருடைய பெனியனோடு சேர்த்துத் தைத்துவிட்டது. மாமா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டின்னை இறக்கித் துடைத்தார். நாங்கள் வெளியே போய்ச் சிரித்தோம்.

ஒரு ஞாயிறு நான் பக்கத்தில் இருந்தேன். மாமா தம்பியின் பொட்டலத்தை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். விரலால் ஓரத்தை அழுத்தினார். அது வளைந்தது. என்னை ஒரு முறை பார்த்தார். அத்தை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தது.

மாமா கயிற்றை எடுத்தார். பொட்டலத்துக்கு இன்னொரு முடிச்சுப் போட்டு டின்னுக்குள் வைத்தார்.